'வாங்கிச் சேர்த்தது' என்று பெயர் வைக்கப்பட்டவர்: எபிக்டெட்டஸை நாம் எப்படி வாசிப்பது?

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் கல்லூரி மாணவி ஒருவர் அண்மையில் ஒரு செய்தி சொன்னார். விடுதியில் உடன் தங்கியிருக்கும் சிலர் சாதியை வைத்துச் சாடை பேசுகிறார்கள். சாப்பாட்டு மேசையில் அவர் வந்து உட்கார்ந்தால் எழுந்து போகிறார்கள். அவர் புகார் எழுதிக் கொடுத்தார். புகாரை வாங்கிக்கொண்டவர்கள் யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. புகார் கொடுத்தவரையே உட்காரவைத்து அறிவுரை சொன்னார்கள். "மனசுக்குள்ள எடுத்துக்காதேம்மா. எல்லாம் நாம எடுத்துக்கிற விதத்துலதான் இருக்கு. எபிக்டெட்டஸ்னு ஒரு கிரேக்க ஞானி அதைத்தான் சொல்லியிருக்கார்."

அந்தப் பெயர் இப்போது எங்கும் அடிபடுகிறது. பளிங்குச் சிலையின் படம், பின்னால் கனத்த இசை, கீழே இரண்டு வரி உபதேசம் என்று கைபேசித் திரையில் நாளுக்கு நாலு முறையாவது வந்துபோகிறது. ஸ்டோயிக் தத்துவம் என்கிறார்கள். வெற்றி பெற விரும்பும் மேலாளர்களுக்கும், தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும், காதலில் தோற்றவர்களுக்கும் ஒரே மருந்தாக அது விற்கப்படுகிறது.

அந்த மாணவி எங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "யாருங்க அந்த எபிக்டெட்டஸ்? அவருக்கு என் நிலைமை தெரியுமா?"

தேடிப் படித்தோம். அவருக்குத் தெரியும். அறிவுரை சொன்னவர்களுக்குத்தான் எபிக்டெட்டஸைத் தெரியவில்லை.

பெயரல்ல, ரசீது

கிரேக்க மொழியில் எபிக்டெட்டோஸ் என்றால் 'வாங்கிச் சேர்த்தது', 'கூடுதலாகக் கைக்கு வந்தது' என்று பொருள். பாட்டன் வழியில் வந்த சொத்து ஒரு வகை. தானாகச் சம்பாதித்துச் சேர்த்தது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையைக் குறிக்கும் சொல் அது. அதை ஒரு மனிதருக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். அவரைப் பெற்ற தாய் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பது எந்தப் பதிவிலும் இல்லை. ஈராயிரம் ஆண்டுகளாக உலகம் அவரை அந்த ரசீதின் பெயரால்தான் அழைத்துவருகிறது.

அடிமைக்குப் பெயர் வைப்பது வாங்கியவனின் உரிமை. ரோமானிய அறிஞர் வர்ரோ, கி.மு. முதல் நூற்றாண்டில் மொழியைப் பற்றி எழுதும்போது போகிற போக்கில் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். எபேசு நகரச் சந்தையில் மூன்று பேர் ஆளுக்கோர் அடிமையை வாங்குகிறார்கள். ஒருவன் விற்றவனின் பெயரை ஒட்டிப் பெயர் வைக்கிறான். இன்னொருவன் வாங்கிய வட்டாரத்தின் பெயரை வைக்கிறான். மூன்றாமவன் வாங்கிய ஊரின் பெயரை வைக்கிறான். வர்ரோவுக்கு அது வெறும் இலக்கணக் குறிப்பு. பெயர் வைக்கப்பட்ட மூன்று பேருக்கும் அது வாழ்க்கை.

கிறித்தவக் குடும்பத்துத் தோழர்களுக்கு இன்னொரு பெயர் நினைவுக்கு வரும். விவிலியத்தில் பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தில் ஒநேசிமு என்ற அடிமை வருகிறார். அந்தப் பெயரின் பொருள் 'பயன்படுகிறவன்'. கருவிக்கு வைக்கிற பெயர். அவருடைய ஊராகச் சொல்லப்படும் கொலோசெயும் எபிக்டெட்டஸ் பிறந்த ஹியராபோலிசும் ஒரே பள்ளத்தாக்கில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. தமிழ் விவிலியத்தில் எராப்போலி என்று வருவது இந்த ஹியராபோலிஸ்தான். இன்று துருக்கியில் பமுக்கலே என்ற சுற்றுலாத் தலமாக இருக்கிறது. ஏறத்தாழ ஒரே காலத்தில் அந்தச் சிறு வட்டாரத்தில் 'பயன்படுகிறவன்' என்று ஒருவரும் 'வாங்கிச் சேர்த்தது' என்று ஒருவரும் நடமாடியிருக்கிறார்கள்.

எபிக்டெட்டஸ் கி.பி. 50 வாக்கில் பிறந்தவர். ரோம் நகரில் எபஃப்ரோடிட்டஸ் என்பவனின் சொத்தாக இருந்தார். இந்த எபஃப்ரோடிட்டஸ் பேரரசன் நீரோவின் செயலர்களில் ஒருவன். ஒரு காலத்தில் அவனும் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவன்தான். தான் ஏறிவந்த ஏணியை அவன் மற்றவர்களுக்கு விட்டுவைக்கவில்லை. தானும் ஆட்களை வாங்கி ஆண்டான். மேலே ஏறியவர் எல்லாம் நம்மவர் ஆகிவிடுவதில்லை என்பதற்கு ரோமாபுரியிலும் சான்று இருக்கிறது.

முறிந்த காலின் கதையை யார் சொல்கிறார்கள்?

எபிக்டெட்டஸ் கால் ஊனமுற்றவர். அதைப் பற்றிப் புகழ்பெற்ற கதை ஒன்று உண்டு. எஜமானன் அவர் காலைப் பிடித்து முறுக்குகிறான். கால் முறிந்துவிடும் என்று எபிக்டெட்டஸ் அமைதியாகச் சொல்கிறார். அவன் விடவில்லை, கால் முறிகிறது. முறியும் என்று முன்பே சொன்னேனே என்கிறார், அதே அமைதியோடு.

இரண்டாம் நூற்றாண்டில் கெல்சஸ் என்ற எழுத்தாளர் சொன்ன கதை இது. கிறித்தவர்களோடு வாதம் செய்த அவர், பொறுமை என்றால் இதுவல்லவா பொறுமை என்று காட்டுவதற்காக இதை எடுத்து வைத்தார். பத்தாம் நூற்றாண்டு பைசாந்தியக் கலைக்களஞ்சியம் ஒன்றோ அவருடைய கால் நோயால் கெட்டது என்கிறது. எது நடந்தது என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்தக் கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

கதையில் வலி அடிமையுடையது. பொறுமையும் அவருடையது. பாடமும் அவர் புகட்டுவது. முறுக்கிய கை மட்டும் கதையை விட்டு நழுவிப் போய்விடுகிறது. அவனிடம் ஏன் முறுக்கினாய் என்று யாரும் கேட்பதில்லை. ஈராயிரம் ஆண்டுகளாக இதைக் கேட்டவர்கள் "என்ன பொறுமை!" என்று வியந்தார்கள். "என்ன கொடுமை!" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

இந்தக் கதைசொல்லும் முறை நமக்குப் பழக்கமானது. தாழ்த்தப்பட்டவரின் சகிப்புத்தன்மைக்கு மாலை போடுவார்கள். அடித்தவரின் பெயரை 'இரு தரப்பினர்' என்று எழுதுவார்கள். விடுதிப் புகாரில் நடந்ததும் இதுதான். முறுக்கிய கையை விட்டுவிட்டு, முறுக்கப்பட்ட காலுக்கு அமைதி வகுப்பு எடுத்தார்கள்.

செருப்புத் தைத்த ஃபெலிசியோ

எபிக்டெட்டஸ் தன் கைப்பட எதையும் எழுதவில்லை. அவருடைய மாணவர் அர்ரியன் வகுப்பில் கேட்டதைக் கேட்டபடி எழுதிவைத்தார். எட்டு நூல்களில் நான்கு நமக்குக் கிடைத்திருக்கின்றன. அதன் சாரமாக ஒரு கையேடும் இருக்கிறது. கைபேசியில் சுற்றும் வரிகளில் பெரும்பாலானவை அந்தச் சிறு கையேட்டிலிருந்து வருபவை. முழு உரைகளைப் படித்தால் வேறொரு மனிதர் தெரிகிறார். கிண்டலும் கோபமும் அடித்தட்டின் கூர்ந்த பார்வையும் கொண்டவர்.

அவர் வகுப்பில் சொன்ன ஒரு நிகழ்ச்சியைப் பாருங்கள். எபஃப்ரோடிட்டஸிடம் ஃபெலிசியோ என்றொரு செருப்புத் தைக்கும் அடிமை இருந்தார். எதற்கும் உதவாதவன் என்று சொல்லி அவரை விற்றுவிட்டான். வாங்கியவன் அரண்மனையைச் சேர்ந்தவன். ஃபெலிசியோ பேரரசனுக்கே செருப்புத் தைப்பவர் ஆகிவிட்டார். உடனே எபஃப்ரோடிட்டஸ் தலைகீழாக மாறிப்போனான். ஃபெலிசியோவைக் கண்டால் நலம் விசாரிக்கிறான், குழைகிறான். எபஃப்ரோடிட்டஸ் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டு வந்தால், ஃபெலிசியோவோடு ஆலோசனையில் இருக்கிறார் என்று பதில் வருகிறது. நேற்று உதவாதவன் என்று விற்கப்பட்டவருக்கு இன்று திடீரென்று அறிவு எங்கிருந்து வந்தது என்று எபிக்டெட்டஸ் கேட்கிறார்.

அதே கை, அதே ஊசி, அதே தோல். மாறியது அதிகாரத்துக்கும் அந்தக் கைக்கும் உள்ள தூரம் மட்டும்தான். 'தகுதி' என்ற சொல் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? இந்தக் கதையை எந்த ஊக்கமூட்டும் காணொளியிலும் நாங்கள் பார்க்கவில்லை.

இன்னொன்று. விடுதலை பெற்றபின் அவர் ரோமில் பாடம் நடத்தினார். பேரரசன் டொமிஷியன் தத்துவவாதிகளை நகரத்தைவிட்டுத் துரத்தியபோது கிரேக்கத்தின் மேற்குக் கரையில் உள்ள நிக்கோபோலிசுக்குப் போய்ப் பள்ளி தொடங்கினார். நாளை பதவிக்குப் போகவிருக்கிற செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே வந்து படித்தார்கள். தவறாகப் பேசும் மாணவரை அவர் எப்படி அதட்டுவார் தெரியுமா? 'அடிமையே' என்று. சந்தையில் தன்னை நோக்கி வீசப்பட்ட சொல்லை எடுத்து, அடிமைகள் கொண்டுவந்த தண்ணீரில் கை கழுவி வந்த பிள்ளைகளை நோக்கியே திருப்பி வீசினார்.

அவர் சொன்னது என்ன?

நம் கையில் இருப்பவை சில, இல்லாதவை சில என்று அவர் தொடங்குகிறார். நாம் எதை ஏற்கிறோம், எதை மறுக்கிறோம், எதை விரும்புகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. உடல், சொத்து, புகழ், பதவி இவை நம் கையில் இல்லை. இல்லாததைப் பிடித்துத் தொங்கினால் அடிமைப்படுவாய், இருப்பதைக் காத்தால் யாரும் உன்னை ஆள முடியாது. சுருக்கமாக இதுதான்.

மேலாளர் சொன்னால் இது வெறும் உபதேசம். உடல் நம் கையில் இல்லை என்று ஓர் அடிமை சொல்லும்போது அது உவமையல்ல, நடப்பு. அவருடைய உடல் பத்திரம் எழுதி விற்கக்கூடியது. அந்த நிலையில் இருந்துகொண்டு, 'நீ வாங்கியது என் உடலைத்தான், என் சம்மதத்தை நீ வாங்கவில்லை' என்று ஒருவர் சொல்வது பெரும் மறுப்பு. அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன் அரிஸ்டாட்டில், சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்றும், அடிமை என்பவன் உயிருள்ள கருவி என்றும் எழுதியிருந்தார். 1550இல் ஸ்பெயின் நாட்டின் வயாதோலித்தில் நடந்த விவாதத்தில் செபுல்வேடா என்ற அறிஞர் அமெரிக்கப் பூர்வகுடிகளை அடக்கி ஆளலாம் என்று வாதாடியபோது அதே அரிஸ்டாட்டிலைத்தான் துணைக்கு அழைத்தார். அந்த வாதத்துக்கு எதிர்ச்சாட்சி எபிக்டெட்டஸின் வாழ்க்கை. கருவி என்று சொல்லப்பட்டவர் பேசினார், கற்பித்தார், அரசர்கள் கேட்டார்கள்.

சுடுதண்ணீர் சரியான சூட்டில் வரவில்லை என்று அடிமைமீது எரிந்து விழும் எஜமானனைப் பற்றியும் அவர் பேசியிருக்கிறார். அந்த அடிமை உன் சகோதரன், நீயும் அவனும் ஒரே கடவுளின் வழிவந்தவர்கள் என்கிறார். நான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன், என்னிடம் பத்திரம் இருக்கிறது என்று எஜமானன் பதில் சொன்னால்? உன் பார்வை மண்ணில் புதைந்தவர்கள் போட்ட சட்டத்தில் நிற்கிறது, தெய்வச் சட்டத்தை அது எட்டவில்லை என்று இடித்துரைக்கிறார். மனுவின் சட்டத்தைக் கொளுத்திய மரபில் வந்த நமக்கு இந்தக் குரல் அந்நியமானதல்ல.

சொத்துக்கு வாரிசாக வந்தவர்கள்

அவருடைய கருத்து யார் யார் கைக்குப் போனது என்று பார்ப்பது முக்கியம். ஒரே புத்தகம் வெவ்வேறு கைகளில் வெவ்வேறு வேலை செய்கிறது.

முதலில் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ். எபிக்டெட்டஸின் உரைகளைத் தனக்குப் படிக்கக் கொடுத்த ஆசிரியர் ரஸ்டிக்கஸுக்கு அவர் தம் குறிப்பேட்டில் நன்றி எழுதியிருக்கிறார். விலைக்கு வாங்கப்பட்டவரின் சொற்கள் உலகின் மிகப்பெரிய எஜமானரின் படுக்கையருகே இருந்தன. அவர் மனத்தைப் பண்படுத்திக்கொண்டார். அடிமைச் சந்தை நடந்தபடியே நடந்தது.

பிறகு தாமஸ் ஜெஃபர்சன். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776இல் எழுதிய அதே கை, தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தது. 1819இல் எழுதிய கடிதம் ஒன்றில் அவர் எபிக்டெட்டஸைப் பாராட்டியிருக்கிறார். இளமையிலிருந்து அவருக்குப் பணிவிடை செய்த அடிமையின் பெயர் என்ன தெரியுமா? ஜூபிட்டர். ரோமானியர்களின் தலைமைக் கடவுளின் பெயர். அமெரிக்கப் பண்ணைகளில் சீசர், பாம்பே, கேட்டோ, வீனஸ் என்று அடிமைகளுக்குப் பெயர் வைப்பது எஜமானர்களின் வழக்கம். தாங்கள் படித்த நூல்களைப் பெருமையாகக் காட்டிக்கொள்வதற்கும், தேவர்களின் பெயரைச் சுமப்பவர் தேவர்களைப்போல் நடத்தப்படுவதில்லை என்று சிரிப்பதற்கும் அந்தப் பெயர்கள் உதவின. 1761இல் பாஸ்டன் துறைமுகத்தில் ஒரு சிறுமி விற்கப்பட்டாள். அவளைக் கொண்டுவந்த கப்பலின் பெயர் ஃபிலிஸ். அதுவும் ஒரு பழைய கிரேக்கப் பெயர். கப்பலின் பெயரையே அவளுக்குச் சூட்டினார்கள். பிற்காலத்தில் கவிஞராக அறியப்பட்ட ஃபிலிஸ் வீட்லி அவர்தான்.

இன்னொரு கையும் இருந்தது. தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன் என்ற வெள்ளையர் அடிமை ஒழிப்புப் போராளி. உள்நாட்டுப் போரில், அடிமைத்தளையிலிருந்து வந்த கறுப்பின வீரர்கள் அடங்கிய முதலாம் தென் கரோலினாத் தொண்டர் படைக்கு 1862 முதல் தலைமை ஏற்றவர். போர் முடிந்த 1865இல் அவர் ஒரு நூலை வெளியிட்டார். எபிக்டெட்டஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஜெஃபர்சன் வாசித்த அதே எபிக்டெட்டஸ்தான். ஒருவர் அதை வாசித்து மன அமைதி தேடினார். இன்னொருவர் அதை வாசித்துக்கொண்டே விடுதலைப் போரில் துப்பாக்கி ஏந்தியவர்களோடு நின்றார்.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கப் போர் விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேல் 1965இல் வட வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டு ஏழு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். எபிக்டெட்டஸ்தான் தம்மைக் காத்தார் என்று பின்னாளில் பேசினார். அவர் பட்ட சித்திரவதையை நாம் சிறிதாக்க வேண்டியதில்லை. அவர் யார் வீட்டுக் கூரைமீது குண்டு போடப் பறந்தார் என்பதை மறக்கவும் வேண்டியதில்லை. அவர் வழியாகத்தான் எபிக்டெட்டஸ் படைப்பள்ளிகளுக்கும் நிறுவனங்களின் மேலாண்மை வகுப்புகளுக்கும் பரவலாகப் போய்ச் சேர்ந்தார்.

1950களில் உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ், தாம் உருவாக்கிய சிகிச்சை முறைக்கு எபிக்டெட்டஸை முன்னோடியாகச் சொன்னார். இன்றைய அறிதல் நடத்தைச் சிகிச்சைக்கு அதுவும் ஒரு வேர். இந்தச் சிகிச்சையை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. எங்கள் தோழர்கள் சிலரை அது மீட்டிருக்கிறது. தேவைப்பட்டால் தயங்காமல் போங்கள். ஆனால் ஒன்றை மருத்துவரும் ஏற்பார். தவறான நினைப்பைத் திருத்துவது சிகிச்சை. உண்மையான நடப்பை 'உன் நினைப்பு' என்று சொல்வது ஏமாற்று. மேசையை விட்டு எழுந்து போனது அந்த மாணவியின் நினைப்பல்ல. அவர்கள் எழுந்து போனார்கள்.

எங்கே நாம் பிரிகிறோம்

எபிக்டெட்டஸை நாங்கள் மதிக்கிறோம். ஆனாலும் இரண்டு இடங்களில் அவரோடு நடக்க முடியாது.

ஒன்று, நமக்குக் கிடைத்துள்ள நான்கு நூல்களில் அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்ற கோரிக்கை எங்கும் இல்லை. எஜமானனைக் கண்டிக்கிறார், எஜமான முறையைக் கலைக்கச் சொல்லவில்லை. இருமுறை உயர்பதவி வகித்த செல்வனும் ஆசைக்கு அடிமைதான் என்கிறார். விடுதலைக்கு ஏங்கும் அடிமையையும் கொஞ்சம் கேலி செய்கிறார். விடுதலைக்கான ஐந்து விழுக்காடு வரியைக் கட்டாததுதான் குறை என்று நினைக்கிறான், விடுதலை வந்தபின் சோற்றுக்கு வழியில்லாமல் பழைய வீட்டை நினைத்து ஏங்குகிறான் என்கிறார். எல்லாரும் ஏதோ ஒன்றுக்கு அடிமைதான் என்று சொன்னால், பத்திரம் எழுதி விற்கப்படுகிறவரின் கணக்கு அதில் கரைந்துபோகிறது. நம்மிடமும் 'எல்லாருக்கும்தான் கஷ்டம்' என்று சொல்லிச் சாதியைக் கரைப்பவர்கள் இருக்கிறார்களே, அந்தக் கணக்குதான்.

அவர் ஏன் அப்படி நினைத்தார் என்பது புரியாததல்ல. கி.பி. 61இல், அவர் சிறுவனாக இருந்திருக்கக்கூடிய காலத்தில், ரோம் நகர ஆட்சியர் பெடானியஸ் செகுண்டஸை அவருடைய அடிமை ஒருவர் கொன்றார். பழைய வழக்கப்படி அந்த வீட்டின் அடிமைகள் அத்தனை பேரையும் கொல்ல வேண்டும் என்று ஆட்சிமன்றம் தீர்மானித்தது. பெண்கள், குழந்தைகள் உட்பட 400 பேர். நகரத்து ஏழை மக்கள் கல்லும் தீப்பந்தமுமாகத் திரண்டு தடுக்கப் பார்த்தார்கள். நீரோ வழி நெடுக வீரர்களை நிறுத்தி 400 பேரையும் கொலைக்களத்துக்கு அனுப்பினான். ஒருவர் கையை ஓங்கினால் நானூறு உயிர் போகும் நாட்டில், மனத்துக்குள் ஒரு கோட்டை கட்டிக்கொள்வது கோழைத்தனமல்ல. ஆனால் அந்தக் கோட்டை, தனி ஆளாக நின்றவர் கட்டியது. அமைப்பு இல்லாதவர், சங்கம் இல்லாதவர், சட்டம் துணையில்லாதவர் கட்டியது.

இரண்டாவது இடம் இன்னும் கவனமானது. வீட்டில் புகை கொஞ்சமாக இருந்தால் இரு, தாங்க முடியாமல் போனால் வெளியேறு, கதவு திறந்தே இருக்கிறது என்ற பொருளில் அவர் பேசுவதுண்டு. வாழ்க்கையை விட்டு வெளியேறுவதைத்தான் சொல்கிறார். இதை நாங்கள் முற்றாக மறுக்கிறோம். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவை நாம் 2016 ஜனவரி 17 அன்று இழந்தோம். அந்த இழப்பின் வலி இன்னும் ஆறவில்லை. புகை தானாக வருவதில்லை. போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியேற வேண்டியது அவர்கள்தான், நாம் அல்ல. இதைப் படிக்கும் யாருக்காவது மூச்சு முட்டுகிறது என்றால் தனியாக இருக்காதீர்கள். ஒரு தோழரை அழையுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் தொலைபேசி மனநல உதவி எந்நேரமும் கிடைக்கும். எங்களுக்கு உங்கள் வீரமரணம் வேண்டாம், நீங்கள் வேண்டும்.

அம்பேத்கர் வைத்த ஒப்பீடு

ரோமானிய அடிமைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அந்த ஒப்பீட்டை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை, அண்ணல் அம்பேத்கர் செய்தது. அவர் மறைந்தபின் தொகுக்கப்பட்ட எழுத்துகளில் அடிமைகளையும் தீண்டப்படாதோரையும் ஒப்பிடும் பகுதி இருக்கிறது. ரோமில் அடிமைகள் ஆசிரியர்களாக, எழுத்தர்களாக, கலைஞர்களாக இருந்தார்கள் என்று எடுத்துக்காட்டுகிறார். அடிமைக்குக் கல்வியும் பண்பாடும் எட்டக்கூடியவையாக இருந்தன, தீண்டப்படாதவருக்கு அவையும் இல்லை என்பது அவர் வாதம். அடிமை சொத்து என்பதால் அவர் உயிரோடு இருப்பதில் எஜமானனுக்கு ஒரு நலன் இருந்தது. தீண்டப்படாதவர் செத்தால் யாருக்கும் நட்டமில்லை.

எபிக்டெட்டஸ் அடிமையாக இருந்தபோதே மூசோனியஸ் ரூஃபஸ் என்ற புகழ்பெற்ற ஆசிரியரிடம் போய்ப் பாடம் கேட்டார். இங்கே காதால் கேட்பதற்கே தண்டனை எழுதிவைத்திருந்தார்கள். இதைச் சொல்வது ரோமுக்கு நற்சான்று கொடுப்பதற்கல்ல. அந்த 400 பேரை மறந்துவிட்டு யாரும் ரோமைப் புகழ முடியாது. நம்முடைய எபிக்டெட்டஸ்கள் எத்தனை பேர் எந்த வகுப்பறை வாசலிலும் நிற்க முடியாமல் போனார்கள் என்று கணக்குக் கேட்பதற்குத்தான் சொல்கிறோம்.

பெயரிலும் அப்படித்தான். பார்ப்பனருக்கு மங்களமான பெயர், சூத்திரருக்கு இழிவான பெயர் என்று மனுவின் நூல் வகைபிரித்தது. வர்ரோவின் சந்தையில் வாங்கியவன் விருப்பப்படி பெயர் வைத்தான். இங்கே பிறக்கும் முன்பே பெயரின் தரம் தீர்மானமாகியிருந்தது. எழுபது வயதுத் தாத்தாவை ஊர்த்தெருவின் பத்து வயதுப் பையன் பெயர் சொல்லி 'வாடா' என்று கூப்பிட்டதை நம்மில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

இழிபெயரோடு போராட நம் முன்னோர் இரண்டு வழிகளைக் காட்டினார்கள். காத்தவராயன் என்று பிறந்தவர் தம் ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசப் பண்டிதர் ஆனார். இழிவாகச் சுமத்தப்பட்ட சாதிப்பெயரை மறுத்துப் பூர்வ பௌத்தர் என்றார். இரட்டைமலை சீனிவாசனோ 1893இல் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் அல்ல என்பதே அதன் பொருள். எபிக்டெட்டஸ் தம் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டாவது வழி அது. அந்தப் பெயரை அவர் சுமந்த விதத்தில், இன்று அதைக் கேட்கிறவருக்கு அடிமைச் சந்தை நினைவுக்கு வருவதில்லை. அது அவர் வெற்றி. நம்முடைய வேலை, அந்தச் சந்தையையும் சேர்த்து நினைவுபடுத்துவது.

'என் கையில்' அல்ல, 'நம் கையில்'

எபிக்டெட்டஸ் போட்ட கோட்டை நாங்கள் அழிக்கச் சொல்லவில்லை. நகர்த்தச் சொல்கிறோம். என் கையில் இருப்பது, இல்லாதது என்று அவர் பிரித்தார். அதில் 'என்' என்பதை 'நம்' என்று மாற்றிப் பாருங்கள். கோடு உடனே நகர்கிறது.

1927 மார்ச் 20. மகாத் நகரின் சவுதார் குளம். தனியாகப் போன ஒருவருக்கு அந்தத் தண்ணீர் கையில் இல்லாத பொருள்தான். அண்ணலோடு ஆயிரக்கணக்கானோர் நடந்துபோனபோது அது கையில் அள்ளும் தண்ணீர் ஆனது. அதன்பின் தாக்கினார்கள், குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள், வழக்குப் போட்டார்கள். பத்தாண்டுகள் இழுத்தடித்து 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ப்பு வந்தது. எது நம் கையில் இருக்கிறது என்பது விதி எழுதிவைத்த பட்டியல் அல்ல. எத்தனை கைகள் சேர்கின்றன என்பதைப் பொறுத்து அது மாறும்.

ஆகவே தோழர்களே, எபிக்டெட்டஸைப் படியுங்கள். அவரை அவர்களிடம் விட்டுவிடாதீர்கள். அவமானப்படுத்தியவர் வைத்த விலையை உங்கள் விலையாக ஏற்காதீர்கள் என்ற பாடத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் தூங்குவதற்கும் மறுநாள் எழுந்து போராடுவதற்கும் அது உதவும். அதே பாடத்தைச் சொல்லி யாராவது உங்கள் புகாரை மடித்துவைக்கப் பார்த்தால், அந்தத் தத்துவஞானியின் பெயருக்குப் பொருள் என்ன என்று அவர்களிடம் கேளுங்கள்.

அவரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அவருடைய வீட்டு இரும்பு விளக்கைத் திருடன் கொண்டுபோய்விட்டான். அவர் மண்விளக்கு ஒன்றை வாங்கிவைத்துக்கொண்டார். அவர் மறைந்தபின் ஒருவன் அவருடைய மண்விளக்கை 3,000 திராக்மா கொடுத்து வாங்கினான், அந்த வெளிச்சத்தில் படித்தால் தனக்கும் ஞானம் வரும் என்று நம்பி. எழுத்தாளர் லூசியன் இதைச் சொல்லிச் சிரிக்கிறார். விளக்கின் விலை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அந்த மனிதரை என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று எங்கும் இல்லை. இன்று எபிக்டெட்டஸ் வரிகளை விற்பவர்கள் அந்த விளக்கைத்தான் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த மாணவி மறுபடியும் புகார் எழுதியிருக்கிறார். இந்த முறை பொது இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்துக்குக் கீழே விடுதித் தோழிகள் சிலரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். என்ன பதில் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். வராவிட்டால் நாங்களும் போவோம்.